நட்டக் கணக்கு

பத்துக் கையெழுத்து கேட்டது படிவம்.
நாங்கள் ஏழு பேர்.
அதிலும் ஒருத்தி காதலனுக்காக வந்தவள்.

மூன்றாம் மாடிக் கருத்தரங்கு அறை.
வகுப்பு முடிந்து இரண்டு மணி நேரமாகியும்
யாருக்காகவோ ஓடிக்கொண்டிருந்தது குளிர்சாதனம்.
வெள்ளைப் பலகையில் கூட்டுவட்டி வாய்பாடு.
அதன் அடியில் இடம் பார்த்து
துர்காஷினி எழுதினாள்: தமிழ் நாடகக் குழு.
எழுதி முடித்த பிறகுதான் பேனாவைப் பார்த்தோம்.
அழியாத மை.

நோக்கம், ஐம்பது சொற்களுக்கு மிகாமல்.
'தலைமைத்துவம்'னு போடு,
அப்பதான் காசு வரும் என்றான் ஃபைரோஸ்.
பேசணும் என்றான் முகிலரசன்.
ஒரே சொல்.
மீதி நாற்பத்தொன்பதை நான் நிரப்பினேன்,
கணக்கியல் மாணவி,
ஆண்டறிக்கைகள் படித்துக் கை பழகியவள்.
அன்றே பொருளாளரும் ஆனேன்.
(எனக்கு நடிக்க வராது என்பதை
முதல் ஒத்திகையிலேயே
நாகரிகமாகச் சொல்லிவிட்டார்கள்.)

எட்டாவது கையெழுத்து
ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடக்கிறவள்.
ஒன்பது மணிக்கு விட்டுடணும்,
அந்த வரிசை உங்களுக்குத் தெரியாது என்றாள்.
ஒன்பதாவது காரைக்குடி.
நாங்கள் பேசினால் செய்தி வாசிப்பதுபோல் இருக்கிறதாம்.
அவன் பேசினால் சண்டைக்கு வருவதுபோல் இருந்தது எங்களுக்கு.
பாத்திரங்களை அப்படியே பிரித்துக்கொண்டோம்:
அவன் தொழிலாளி,
நாங்கள் நிர்வாகம்.

பத்தாவது ஜுன் ஹாவ்.
பொறியியலை விட்டு வணிகத்துக்கு மாறியவன்.
'எனக்கு ஒரு வார்த்தை விளங்காது.
எப்போது இருட்டு வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.'

அறை கிடைக்காத நாட்களில்
கிளமெண்டியில் ஒரு புளோக்கின் கீழ்த்தளம்.
கல்மேசையின் சதுரங்கக் கட்டங்கள்மேல் எங்கள் பிரதி,
காற்றுக்குப் பறக்காமல் யாருடைய செருப்போ.
ஒரு நாள் மூன்றாம் மாடிச் சன்னல் திறந்தது.
என்னம்மா, சண்டையா?
நாடகம்க்கா.
அப்படின்னா சத்தமாப் பேசுங்க,
பாதி விளங்கல.

துர்காஷினி எழுதியது ஆட்குறைப்பைப் பற்றி.
நாற்பது பேர் அலுவலகம்,
நாற்பது பழுப்பு உறை.
உறைகளை மொத்த விலையில் வாங்கி
ஒவ்வொன்றிலும் வெற்றுத்தாள் மடித்து வைத்தேன்.
முப்பத்தொன்பதை முகிலரசன் கொடுக்க வேண்டும்.
கடைசி உறையில் அவன் பெயரே இருக்கும்.
பிரிப்பான்,
சிரிப்பான்,
நீளமாக ஒரு வசனம்.

அன்று பிரித்தான்.
சிரிக்கவில்லை.
வெற்றுத்தாளைப் படித்துக்கொண்டே நின்றான்.
நான்காவது வரிசையில் அவன் அப்பா.
அப்படி ஓர் உறை
போன மாதம்தான் அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தது.
பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.
பதினொரு விநாடி.
திரைக்குப் பின்னால் எண்ணினேன்,
எண்ணுவதுதானே என் வேலை.
யாரும் சொல்லவில்லை,
ஜுன் ஹாவ் விளக்கைக் குறைத்தான்,
மெல்ல,
ஒருவர் தூங்கிவிட்டபின் அறையை விட்டு வெளியேறுவதுபோல்.

வரவு 788 வெள்ளி.
செலவு 871 வெள்ளி 40 காசு.
நட்டம் 83.40.

இந்தச் சொல்லை மூன்றாண்டாக
சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.
அதற்கு ஆட்டம் என்றும் ஒரு பொருள் உண்டென்று
காரைக்குடிதான் சொன்னான், வாய் நிறையப் பரோட்டாவோடு.
சுடலையில் ஒருவன் ஆடுகிறானே, அது நட்டம்தான்.

மாணவர் அலுவலகப் படிவத்தில்
'நட்டத்திற்குக் காரணம்' என்று ஒரு கட்டம்.
ஆடினோம் என்று எழுதினேன்.
அடித்தேன்.
விளக்கு வாடகை, பரோட்டா
என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

3-12ஆம் அறைக்குப் போனால் பாருங்கள்.
கூட்டுவட்டியை எப்போதோ அழித்துவிட்டார்கள்.